நாப்பா பஸ்ஸின் இடது ஜன்னல்

அன்புள்ள ஜோயல்,

உனக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் நான் பேசப் பேச இதை என் போன் எழுதிக்கொள்கிறது. உன் போன் உனக்கு வாசித்துக் காட்டும். யாரோ ஒரு பெண்ணின் குரலில் என் வார்த்தைகள் வருவது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம். சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை கேள். நேரில் ஆரம்பித்தால் நீ பாதியில் "அப்புறம் பேசலாம்மா" என்று எழுந்துவிடுவாய். நானும் விட்டால் போதும் என்று காபி போடப் போய்விடுவேன். நேற்று சாயங்காலம் நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஜெர்மனி வேலைக்கு முடியாதுன்னு திங்கட்கிழமை எழுதிடப் போறேன்" என்று சொன்னபோதும் நான் அதைத்தான் செய்தேன். நீ என்னைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அதை விடுகிறாய் என்று தெரிந்தும் காபி போட்டேன். ராத்திரி முழுக்க அந்த வெட்கத்தோடு படுத்திருந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நாம் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். உனக்கு அப்போது இரண்டு வயது. வீட்டில் இருந்த ஒரே காரை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ஒரு ஜனவரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து வாங்க உன்னை ஸ்ட்ரோலரில் படுக்கவைத்து, இரண்டு போர்வையைச் சுற்றி, தள்ளிக்கொண்டு கிளம்பினேன். நடைபாதை பாதி தூரத்தில் முடிந்துபோனது. அதற்கு மேல் ரோட்டோரமாகப் பனியை மலை மாதிரி ஒதுக்கிவைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப் என்று ஒரு கம்பம் நின்றது, அதன் பக்கத்தில் நின்றேன். பஸ் வரவேயில்லை. கார்கள்தான் வந்தன. அதில் ஒன்று உருகிக் கிடந்த பனிச் சேற்றை நம் இரண்டு பேர் மேலும் வாரி இறைத்துவிட்டுப் போனது. உன் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தேன். நீ அழக்கூட இல்லை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். இனிமேல் என் பிள்ளை ரோட்டில் நிற்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன்.

அப்படித்தான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவை ஃபெயில் ஆனேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அப்பா ஸ்வீட் வாங்கி வந்தார். பிறகு நாட்டின் மறுகோடிக்கு, சான் ரமோன் வந்தோம். அப்பாவுக்கு வாரம் முழுக்க வெளியூர் கிளையண்ட். நீச்சல், பியானோ, சண்டே ஸ்கூல், பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் உன்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து நான்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி லேப்பில் என் ஷிஃப்ட் விடியற்காலையில் தொடங்கினாலும் ஃப்ரீவே எனக்குப் பயமில்லை. நீ காலேஜில் இருந்தபோது அப்பா போனார். அடக்கத்துக்கு வந்த எல்லோரையும் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டவள் நான். மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கார் என்றால் எனக்கு என்ன என்று நீ தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். இதை நான் முன்பே சொல்லியிருந்தால், பஸ் என்றால் எனக்கு என்ன என்பதும் உனக்குப் புரிந்திருக்கும்.

நீ படித்து முடித்து, எந்தத் தெருவில் எந்த பஸ் நிற்க வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலையில் ஓக்லாந்தில் சேர்ந்தாய். அந்த வேலையின் பெயரை நம் சர்ச் மெர்சி ஆன்டியிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "சிட்டிக்கு வேலை செய்யறான்" என்று மழுப்புவேன். நான் புது கார் வாங்கியதும், பழைய வெள்ளை கரோலாவைக் கழுவித் துடைத்து, சாவியை டைனிங் டேபிளில் உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வேணாம்மா. எனக்கு பஸ் போதும்."

"பஸ்ஸா? நாம என்ன போக்கத்தவங்களாடா?"

நீ சிரித்தாய். சாவியை எடுத்து என் பக்கமாக நகர்த்தினாய். ஒரு பிள்ளை கார் வேண்டாம் என்கிறான், அவ்வளவுதான் நடந்தது. எனக்கோ, பனியில் நின்ற அந்த நாளிலிருந்து உனக்காக நான் செய்த அத்தனையையும் நீ டேபிளில் நகர்த்தி வைத்தது போல இருந்தது. அதற்குப் பிறகு நீ வாயைத் திறந்து கேட்ட எதற்கும் நான் முகம் கொடுக்கவில்லை.

நீ கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. லீவு நாளில் ரயிலும் பஸ்ஸும் மாறி நாப்பா பள்ளத்தாக்குக்குப் போவாய். ஆற்றோடு மேலே போகிற பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நடந்து, இன்னோர் ஊரில் பஸ் ஏறித் திரும்புவாய். போட்டோ அனுப்புவாய். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், "ஒரு தடவை என்கூட வாயேன்மா" என்பாய்.

"ஒயின் ஊர்ல எனக்கென்னடா வேலை? நம்ம சர்ச்ல திருவிருந்துக்கே கிரேப் ஜூஸ்தான் குடுக்கறாங்க."

"குடிக்க யார் கூப்பிட்டா? நடக்கத்தான் கூப்பிடறேன்."

"சரி, நான் டிரைவ் பண்றேன். ஒரு மணி நேரத்துல போயிரலாம்."

"கார்ல வேண்டாம்மா."

"அப்ப நீயே போய்ட்டு வா."

இது ஒரு வருஷமா நடந்தது? அந்த வருஷங்களில் எனக்குக் கண் நன்றாக இருந்தது, ஜோயல். மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பார்வையில் தெரிகிற கண். அதை வைத்துக்கொண்டு நான் முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கராஜ் சுவரில் இடது பக்கக் கண்ணாடி உரசியது. அடுத்த மாதம் மறுபடி உரசியது. சுவர்தானே என்று விட்டேன். ஒரு நாள் ஸ்டாப் சைனில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இடது பக்கமிருந்து ஒரு பெண் கத்தினாள். ஒரு கையில் நாயும் இன்னொரு கையில் பிள்ளையுமாக என் பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்தபோது அங்கே யாருமில்லை, சத்தியமாக யாருமில்லை. கண் டாக்டர் கிளாக்கோமா என்றார். இடது கண்ணில் ஓரங்கள் போய்விட்டன, வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்றார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. "டிராஃபிக் தாங்கலைப்பா, எல்லாம் ஆன்லைன்ல வாங்கிக்கறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மெர்சி ஆன்டி வந்து கூட்டிப் போனாள். நீ அந்த அக்டோபரில் கூப்பிட்டபோதும் மாட்டேன் என்றேன். அப்போது சொன்ன காரணம் முழங்கால் வலி.

போன அக்டோபரில் நீ ஜெர்மனி வேலை கிடைத்திருப்பதைச் சொல்லி, "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை" என்றபோது என்னால் மறுக்க முடியவில்லை. பெரிய மனசு பண்ணி உனக்காக வருவது போல வந்தேன். காலையில் நீ ஓக்லாந்திலிருந்து என் வாசலுக்கே வந்து கூட்டிப்போனாய். பஸ், ரயில், மறுபடி பஸ். படிகளில் எல்லாம் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன், நீ அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாய். நாப்பாவில் பஸ் மாறியதும் நீ பேச ஆரம்பித்தாய். நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏன் கார் வேண்டாம்னு சொல்றேன்னு நீ கேட்டதே இல்லம்மா."

"புகை, பூமி சூடாகுதுன்னு சொல்லுவே."

"அதுவும்தான். ஆனா சின்ன வயசுல உன் முகம் எனக்கு ஞாபகமில்ல. பின்னந்தலைதான் ஞாபகம். அப்புறம் கண்ணாடியில ரெண்டு கண்ணு, அதுவும் பின்னாடி வர்ற வண்டியப் பார்த்துட்டு இருக்கும்."

எப்போதும் போல இதையும் நீ இங்கிலீஷில்தான் சொன்னாய், குறை சொல்கிற மாதிரி இல்லாமல் மெதுவாக. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் நான் முன்னால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் நீ சொன்னதும் உண்மை.

காலிஸ்டோகா என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்டேட் பார்க் வாசலில் இறங்கினோம். உள்ளே ஓடையும் நெடிய ரெட்வுட் மரங்களும். காட்டு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர்ச் சக்கரம் வைத்த ஒரு பழைய மாவு மில் வரும், அங்கே திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றாய். முதல் ஏற்றத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. நீ நின்று, "அம்மா, மான்! ரெண்டு!" என்று கிசுகிசுத்தாய். நான் நேராகப் பார்த்து, "ஐயோ, எவ்ளோ அழகு" என்றேன். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். மான்கள் இடது பக்கம் இருந்திருக்கின்றன.

அதற்கு அப்புறம் பாதை குறுகி இறக்கத்தில் போனது. பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. நீ ஓரமாக ஒதுங்கினாய். நானும் ஒதுங்குகிறேன் என்று அந்த ஆளின் வழியிலேயே கால் வைத்தேன். அவர் என்மேல் மோதாமல் இருக்கப் புதருக்குள் போய் விழுந்தார். நான் வேரில் தடுக்கிக் குப்புற விழுந்தேன். அவர் எழுந்து வந்து என்னிடம் ஸாரி கேட்டார். தப்பு அவருடையது இல்லை என்று நமக்கு இரண்டு பேருக்குமே தெரியும். அவர் போனபிறகு என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, உள்ளங்கையில் குத்தியிருந்த கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாய்.

"அம்மா, என்னையே பாரு. மூக்கப் பாரு. இப்ப என் கை தெரியுதா?"

"எந்தக் கை? கீழ இறக்கிட்டியா?"

"இறக்கல. இங்கதான் இருக்கு."

உன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவில் எனக்கு இன்னும் எல்லாம் தெரியும். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எப்பலேருந்து?" என்றாய். சொன்னேன். "போன வருஷம் முழங்கால்னு சொன்னியே?" என்றாய். அதையும் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ என் செருப்பின் வாரைத் தளர்த்தி மறுபடி கட்டினாய், ரொம்ப நேரம் கட்டினாய். மில்வரை என் இடது பக்கமாகவே நடந்து வந்தாய். சக்கரம் சுற்றியதா என்றுகூட நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றோம். திராட்சை ஏற்றிய லாரி ஒன்று போனது. அறுவடைக் காலமாதலால் காற்றில் புளித்த பழ வாசம். நான் "ஸாரிடா" என்றேன். பஸ் வந்த சத்தத்தில் உனக்குக் கேட்டதோ இல்லையோ.

பஸ்ஸில் என்னை ஜன்னல் ஓரம் உட்காரச் சொன்னாய். ஜன்னல் என் இடது பக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, உன் உடைந்த தமிழில் ஆரம்பித்தாய்: "இப்ப ஒரு குதிரை. வெள்ளை. இப்ப ரெண்டு ஆளு, தொப்பி போட்டு, பழம் வெட்டுது. இப்ப இலை எல்லாம் சிகப்பு. இப்ப... அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன, பாலம்? பாலம். கீழ ஆறு." வெட்டுறாங்க என்று திருத்த எனக்கு மனசு வரவில்லை. ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி ஒரு வழியைக் காட்டியதில்லை. அத்தனை வருஷமும் நீ என்னை அழைத்தது இதற்குத்தானா என்று அப்போதுதான் புரிந்தது. அப்போது என் பக்கத்து ஜன்னல் என் கண்ணுக்குப் பாதிக்கு மேல் இருண்டிருந்தது.

அடுத்த மாதமே ஓக்லாந்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு, பெட்டிகளோடு இங்கே வந்தாய். ஜெர்மனிக்காரர்களிடம் வசந்த காலம்வரை அவகாசம் கேட்டிருப்பதாகச் சொன்னாய். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது. இதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் அறைக்குப் புது விரிப்பு போட்டேன், மீன் குழம்பு வைத்தேன், மெர்சி ஆன்டிக்கு போன் பண்ணி, "பையன் வந்துட்டான்" என்று ஊரைக் கூட்டினேன். என் கண் போனது கூட நல்லதற்குத்தானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உன் வாழ்க்கையின் செலவில் அப்படி நினைத்தேன்.

அது எனக்கு உறைத்தது இரண்டு வாரம் முன்புதான். கராஜில் வெளிச்சம் இருந்தது, அணைக்கலாம் என்று போனேன். நீ கரோலாவின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாய். மடியில் லைசென்ஸ் பரீட்சைக்கான புத்தகம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாய், வண்டி ஓடவில்லை, ஆனால் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவு வருஷமாக நான் ஆசைப்பட்ட காட்சி அதுதான், ஜோயல். என் மகன் என் காரில். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதனால்தான் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். கண் டாக்டர் ஆபீஸில் முன்பே சொல்லியிருந்த பயிற்சி ஒன்று உண்டு. வெள்ளைக் கோலை வைத்து நடக்க, பஸ் ஏற ஒரு அம்மா கற்றுத் தருகிறார். நீ ஆபீஸ் போகிற நாட்களில் கொஞ்ச நாளாகவே அவரோடு பழகிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை நீ போனதும் நான் தனியாகக் கிளம்பினேன். நாப்பாவுக்கு.

நன்றாகப் போனது என்று சொல்ல ஆசைதான். ரயில் நிலையத்தில் தப்பான பக்கம் நின்றேன், யாரோ கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். மேலே போகிற பஸ்ஸில், நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது காதில் விழாமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி காலிஸ்டோகாவில் போய் இறங்கினேன். அங்கிருந்து மில்லுக்குத் தனியாகப் போய்க் காட்டுக்குள் நடக்கத் தைரியம் வரவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன லெமன் சாதத்தைச் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். கொடிகள் எல்லாம் மொட்டையாக நின்றன, அவற்றுக்கு நடுவே தரை முழுக்கக் கடுகுப் பூ. அந்த மஞ்சள் எனக்குத் தெரிந்தது. முழுசாக இல்லை, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல, ஆனாலும் தெரிந்தது. நீ கூப்பிட்ட முதல் வருஷமே வந்திருந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துப் பார்த்திருப்பேனே என்று அழுகை வந்தது. எதிர் சீட்டுப் பெண் டிஷ்யூ கொடுத்தாள். நீ வீட்டுக்கு வருவதற்குள் வந்துவிட்டேன். சாயங்காலம், "ஏம்மா டயர்டா இருக்கே?" என்று கேட்டாய். தூக்கம் சரியில்லை என்றேன். உன்னிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும்.

இதை வைத்து அம்மா தைரியசாலி என்று முடிவு கட்டாதே. நான் போக நினைத்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அது எனக்கு வருகிறது. மெர்சி ஆன்டி இருக்கிறாள், சர்ச் இருக்கிறது, பயிற்சி தருகிற அம்மா வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார். கார் ஓட்ட நீ கற்றுக்கொள்ள வேண்டாம். உனக்கு என்றைக்காவது ஆசை வந்தால் கற்றுக்கொள், எனக்காக வேண்டாம். உன் வேலை என்ன என்று மெர்சி ஆன்டியிடம் இப்போது சரியாகச் சொல்லிவிட்டேன். எங்கோ ஒரு ஊரில் ஒரு தாய் பிள்ளையோடு நிற்கும் இடத்துக்கு பஸ் வரவேண்டும் என்று யோசிக்கிற வேலை. அதைப் போய்ச் செய்.

திங்கட்கிழமை அவர்களுக்கு எழுது, வருகிறேன் என்று எழுது. நான் சமாளித்துவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். கண் இன்னும் சுருங்கும். எப்போதாவது விழுவேன், யாராவது உனக்கு போன் பண்ணிச் சொல்வார்கள், நீ ஒன்பது மணி நேரம் தள்ளி வேறொரு பகலில் இருப்பாய். கூட இருந்திருந்தால் என்று அப்போது உனக்குத் தோன்றும். அதற்காகத்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்: நீ கூட நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் விழுந்தேன். அது உன் தப்பு இல்லை, இனி நடப்பதும் உன் தப்பு இல்லை. பதறியடித்து டிக்கெட் எடுக்காதே. முதலில் எனக்கு போன் பண்ணு. போன் எங்கே என்று தடவிப் பார்த்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். மணி அடித்துக்கொண்டே இருக்கும். வைத்துவிடாதே.

அம்மா